சாமிப் படத்துக்குப் பின்னால்

"வீடு என்பது கல்லாலும் மரத்தாலும் ஆனதன்று, அச்சத்துக்கு எதிராக மனித குலம் எழுப்பிய முதற்பெரும் கோட்டை அது. அக்கோட்டையின் வாசலில் நிற்பவன் தன் அத்தனை தலைமுறைகளோடும் சேர்ந்தே நிற்கிறான்."

சோதிலிங்கம் எழுதிய 'வீடு காணும் கலை' என்ற கையேட்டின் முதல் இரண்டு வரிகள் இவை. மூன்றாவது வரி: "கக்கூசில் தண்ணீர் இழுத்துப் பார்க்கவும்."

கையேடு இருபத்து நான்கு பக்கம். நடுவில் குத்திய இரண்டு கம்பி, பின்னட்டையில் கோட்டுப் போட்ட சோதிலிங்கம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனைக்கு வரும் வீடுகளை அரை மணி நேரம் திறந்து வைப்பார்கள். ஓப்பன் ஹோம் என்று பெயர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு யாரும் உள்ளே போகலாம். அந்த அரை மணி நேரத்தில் ஒரு வீட்டின் இரகசியம் முழுவதையும் கறந்துவிடுவதற்கு அவர் இருபத்தொரு விதிகள் வகுத்திருந்தார். பதினெட்டு வருடங்களில் அவர் பார்த்த ஓப்பன் ஹோம்கள் நானூற்றுக்கு மேல். கையேடு எழுதும்வரை வாங்கியது ஒன்று. அந்த ஒன்றையும் ஆறாவதாகப் பார்த்தபோதே வாங்கிவிட்டார். மிச்சமெல்லாம் ஞானத்துக்காகப் பார்த்தது.

சென்ற வருடம் தமிழ்ச் சங்க மண்டபத்தில் அவர் விதிகளை விளக்கியபோது எண்பது பேர் குறிப்பெடுத்தார்கள். வாசலில் ஏஜென்ட் நீட்டும் பதிவேட்டில் உண்மைப் பெயரைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அவன் வியாழக்கிழமைவரை தொலைபேசியை விடமாட்டான், 'சுந்தரம்' என்று எழுதினால் போதும். தரையில் ஒரு கண்ணாடிப் போளையை உருட்டிவிட வேண்டும், தானாக ஓடினால் வீடு சரிந்திருக்கிறது. உள்ளே கேக் சுடும் வாசம் வந்தால் வாய் ஊறக் கூடாது, மூக்கு விழிக்க வேண்டும், ஏனென்றால் அந்த வாசம் வேறொரு வாசத்தை மூடுவதற்காக வைக்கப்பட்டது. இப்படிப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் மண்டபம் சிரித்துக் கைதட்டியது பதினான்காம் விதிக்குத்தான்: "தமிழர் வீடென்றால் சாமிப் படத்துக்குப் பின்னால் கட்டாயம் பார்க்கவும்."

"சாமியை ஒருத்தரும் அசைக்க மாட்டினம் எண்டு விக்கிறவனுக்குத் தெரியும்," என்று சோதிலிங்கம் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். "அதுதான் அவன்ரை பலம். நீங்கள் ஒரு கும்பிடு போட்டுட்டு, படத்தை மெல்ல முன்னுக்கு இழுத்துப் பாருங்கோ. சாமி குறை நினையாது. அங்கை சாமிக்கும் மூச்சு முட்டிக்கொண்டுதான் இருக்கும்."

பொன்னாடை போர்த்தினார்கள். இவ்வளவு நுட்பமான விதி எங்கிருந்து கிடைத்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அது அவருடைய சொந்த வீட்டுச் சுவரிலிருந்து கிடைத்தது.

பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் அவருடைய வீடு தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு கட்டியது. வெளியே பலகையும் இல்லை, செங்கல்லும் இல்லை, வழுவழுப்பான சீமெந்துப் பூச்சு. நான்காவது படுக்கையறையின் சுவர் அலுமாரியைக் கதவு கழற்றிச் சாமியறையாக்கியிருந்தார்கள். இடுப்பளவு உயரத்தில் ஒரு தட்டு, அதன்மேல் படம், குத்துவிளக்கு, செம்பில் தண்ணீர். நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில், தட்டுக்குச் சற்று மேலே சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறையைக் கண்டார். விரலால் தொட்டார். ஈரமாக இருந்தது.

லீக்கி. ஒழுகும் வீடு. ஆக்லாந்தில் வீடு வைத்திருப்பவர்களின் நித்திரையைக் கெடுக்க இந்த ஒரு சொல் போதும். அந்தக் காலத்தில் கட்டிய பூச்சு வீடுகள் பலவற்றுக்குள் மழை புகுந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மரச்சட்டங்கள் உளுத்துப் போயிருந்தன. கறையைத் துடைக்கப் போய்ச் சுவரையே இழந்தவர்கள் இருந்தார்கள். விற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், வீட்டைச் சுற்றிச் சாரம் கட்டி, அதற்கு வெள்ளைத் துணி போர்த்தி, அதற்குள் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். சோதிலிங்கம் தன் உரைகளில் அவர்களைப் பற்றி மிகுந்த அனுதாபத்தோடு பேசுவார்.

வீட்டுப் பரிசோதகரை அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அறிக்கை வரும். அறிக்கை வந்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் விற்கும்போது சொல்ல வேண்டும். தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது? எனவே, தெரியாமலிருப்பதற்கு ஒரு பிள்ளையார் படத்தைக் கறைக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்.

கறை வளர்ந்தது. பிள்ளையார் போதாமல் இலட்சுமி வந்தார். இலட்சுமியும் போதாமல், வள்ளி தெய்வானை சமேதராக மூன்றடி அகலத்தில் ஒரு முருகன், தங்கச் சட்டத்தோடு சிட்னியிலிருந்து வந்தார். தட்டுக்குக் கீழே கறை இறங்கியபோது அங்கே பட்டுத் திரை தொங்கியது. சோதிலிங்கம் வரவரப் பக்திமானாகிவிட்டார் என்று ஊரில் கதைத்தார்கள். அவரும் மறுக்கவில்லை. காலையில் தானே நிரப்புகிற செம்பு மாலைக்குள் அரைவாசியாகி நிற்பதை விருந்தினருக்குக் காட்டி, "ஏற்றுக்கொள்ளுறார்," என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

அவருடைய மனைவி சரோஜாதேவி முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக வேலை செய்பவர். அவர் அந்தத் தட்டைத் துடைக்கும்போதெல்லாம் ஏதோ சொல்ல வாயெடுப்பார். "என்னப்பா, இந்தச் சாமித்தட்டு…" என்று தொடங்குவதற்குள் சோதிலிங்கம் கையை உயர்த்திவிடுவார். "வீட்டு விசயம் எனக்குத் தெரியும். நீர் பேசாமல் இரும்."

அவர் துணியைப் பிழிந்துகொண்டு சமையலறைக்குப் போய்விடுவார்.

இந்த வருடம் ஜூன் மாதம் சோதிலிங்கம் மவுண்ட் வெல்லிங்டனில், பெரிய கடைத்தொகுதிக்குப் பக்கத்தில், செங்கல்லால் கட்டிய ஒரு சின்ன வீட்டை ஏலத்தில் எடுத்தார். செங்கல்லைக் கண்டதும் கை தானாக உயர்ந்துவிட்டது. ஏலத்தில் எடுத்தால் நிபந்தனை கிடையாது, திரும்பப் பெறவும் முடியாது. முற்பணத்தை அன்றைக்கே கட்டியாகிவிட்டது. ஓகஸ்ட் இருபத்தெட்டுக்குள் பழைய வீடு விற்காவிட்டால் புது வீடும் போகும், முற்பணமும் போகும். பதினெட்டு வருடத்துச் சேமிப்பு அதற்குள்தான் இருந்தது.

பழைய வீட்டை விற்றுத்தர வந்த ஏஜென்ட் சரத், கோயம்புத்தூர்க்காரன். இறுக்கமான நீலக் கோட்டு, காலுறை இல்லாத பழுப்புச் சப்பாத்து. முதல் நாளே ஒரு படிவத்தை நீட்டினான்.

"சார், வீட்ல ஏதாவது டிஃபெக்ட் தெரியுமா? ஈரம், ஒழுகல், அந்த மாதிரி?"

சோதிலிங்கம் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது அது விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தது. வேர்வை.

முதல் ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். மூவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள். இரண்டாவது ஞாயிறு, ஜூலை நடுப்பகுதி, விடியற்காலையிலிருந்து மழை.

"ஓனர்ஸ் வீட்ல இருக்கக் கூடாது சார்," என்றான் சரத். "இருந்தா வர்றவங்க ஃப்ரீயா பேச மாட்டாங்க. ஒரு காபி குடிச்சுட்டு ஒன்றரைக்கு வாங்க."

பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் ராகவி காரை எதிர்ப்பக்கம் நிறுத்தினாள். பக்கத்தில் சரோஜாதேவி. பின்னால் சோதிலிங்கம், காலையில் கோயிலுக்குக் கட்டிய வேட்டி, பட்டுச் சால்வை, நெற்றி நிறைய விபூதி. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. காற்று ஓங்கி அடித்துக் காரை அசைத்தது. ஏதோ ஒரு ஜன்னல் திறந்திருந்தால் என்று அவர் நினைத்தார். காற்று வந்து படம் ஒரு அங்குலம் விலகினால்.

"டாட், வேர் ஆர் யூ கோயிங்?"

"ஒண்டுமில்லை. விளக்கைப் பாத்துட்டு வாறன்."

"விளக்கை நான் பாத்திட்டன்," என்றார் சரோஜாதேவி. அதற்குள் சோதிலிங்கம் குடையில்லாமல் தெருவைக் கடந்துவிட்டிருந்தார்.

படம் விலகித்தான் இருந்தது. இடப்பக்கச் சட்டத்தை ஒட்டி விரலகலத்துக்குப் பழுப்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் படத்தை நகர்த்தினார். பின்னாலிருந்து ஈரம் ஊறிய வாசம் வந்தது. அவசரமாகச் சாம்பிராணித் தட்டில் இன்னொரு கைப்பிடி போட்டார். திரும்பியபோது முன்வாசலில் சப்பாத்துகள் கழற்றப்படும் சத்தம் கேட்டது.

"வாங்க, வாங்க! மழைல வந்திருக்கீங்க. உங்க பேர் சார்?"

"சுந்தரம்," என்றது ஒரு குரல்.

சோதிலிங்கம் நின்ற இடத்திலேயே நின்றார். முன்வாசலுக்குப் போகும் ஒரே வழியில் இப்போது ஆட்கள். ஜன்னலால் இறங்கலாம். அறுபத்தொரு வயது, வேட்டி, கீழே ரோஜாப் புதர். அப்போது இரண்டாவது குரல் கேட்டது.

"நேம் சுந்தரம். எஸ், ஒன்லி சுந்தரம்."

 வந்திருப்பவர்கள் வெறும் ஆட்கள் அல்ல. அவருடைய மாணவர்கள்.

நான்காவது அறையை நோக்கிக் காலடிகள் வந்தன. சோதிலிங்கம் தன் வாழ்நாளில் மிக விரைவாக எடுத்த முடிவு அதுதான். சாமித்தட்டுக்கு முன்னால், யாரும் படத்தை நெருங்க முடியாதபடி, சம்மணமிட்டு உட்கார்ந்தார். கைகளைக் கூப்பினார். கண்களை மூடினார். கும்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதனைத் தாண்டிக் கையை நீட்டிச் சாமிப் படத்தை இழுக்கிற துணிச்சல் உலகத்தில் எந்தத் தமிழனுக்கும் கிடையாது. கையேட்டில் அவர் எழுதாமல் விட்ட விதி அது.

காலடிகள் வாசலில் நின்றன.

"ஐயோ, ஆரோ கும்பிடுகினம்."

"சோதியண்ணையெல்லே! இது அவரின்ரை வீடே?"

"உஸ். பிறகு கதைப்பம்."

சரத் ஓடிவந்தான். வெளியே போகச் சொன்ன ஓனர் உள்ளே உட்கார்ந்திருப்பதைக் கண்டிருப்பான்.  ஆனால் சரத் வியாபாரி.

"ஓனர் தியானத்துல இருக்காரு," என்றான், கோயில் குரலில். "தினமும் இப்படித்தான். இந்த வீட்டோட எனர்ஜியே வேற சார்." பிறகு யாரோ ஒரு வெள்ளைக்கார ஜோடியிடம் அதையே ஆங்கிலத்தில், இன்னும் நீட்டிச் சொன்னான். அந்தப் பெண் "ஓ, லவ்லி," என்று கிசுகிசுத்து, நுனிக்காலில் நடந்து போனாள்.

கண்ணை மூடியிருப்பவனுக்கு வீடு முழுவதும் காதுக்குள் வந்துவிடுகிறது. முதலில் பெரிய குளியலறையில் தண்ணீர் இழுபட்டது. பிறகு சின்னதில். பிறகு மறுபடி பெரியதில். சமையலறைக் குழாய்கள் இரண்டும் ஒன்றாகத் திறந்தன. சுடுதண்ணீர் வர எத்தனை வினாடி என்று யாரோ வாய்விட்டு எண்ணினார்கள். ஐந்தாம் விதி. அலுமாரிக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிறீச்சிட்டன. மூக்குகள் உறிஞ்சின. ஏழாம் விதி. அவரே சொல்லிக்கொடுத்த கைகள் அவருடைய வீட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக்கொண்டிருந்தன. வாங்குபவர்களுக்கு இவ்வளவு அறிவு இருக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியது.

மழை கூரையில் கொட்டியது. அந்தத் தண்ணீர் பூச்சுக்குள் புகுந்து, சட்டங்களில் வழிந்து, இந்தக் கணத்திலேயே முருகனுக்குப் பின்னால் ஊறிக்கொண்டிருப்பதாக அவருக்குப் பட்டது. 

நடைவழியில் சின்னதாக ஒரு சத்தம் கிளம்பியது. கண்ணாடி மரத்தில் உருளும் சத்தம். மெல்லத் தொடங்கி, வேகம் பிடித்து, அறை வாசலைத் தாண்டி, அவரை நோக்கி வந்து, முழங்காலில் டக்கென்று மோதி நின்றது.

போளை.

"சொறி, சொறி," என்று ஒரு சின்னக் குரல் கிசுகிசுக்க, ஒரு கை அவருடைய வேட்டிக்குப் பக்கத்தில் தடவி அதை எடுத்துக்கொண்டு ஓடியது.

"பாத்தனியே, தட்டுப் பக்கமாத்தான் ஓடுது," என்றது ஒரு பெரிய குரல். "வீடு பின்பக்கம் கொஞ்சம் சரிவு. எழுது."

ஒன்று பத்துக்கு மறுபடி வாசலில் சரத்தின் குரல். அதில் இப்போது லேசான நடுக்கம் இருந்தது. "நீங்களும் சுந்தரமா சார்? இன்னைக்கு நீங்க அஞ்சாவது சுந்தரம்."

"ஓம் தம்பி. ஊரில கனபேர்."

அந்தக் குரலை சோதிலிங்கம் அறிவார். மண்டபத்தில் முன்வரிசையில் இருந்து மூன்று கேள்வி கேட்ட குரல். யூட், மன்னார்ப் பொடியன், பிளம்பர். பாபகூராவில் நான்கு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறான். பக்கத்தில் அவன் மனைவி பேர்ணடெட் இருப்பாள். அவள்தான் கையேட்டுக்கு நெகிழித் தாளில் உறை போட்டு வைத்திருந்தவள். விதிகளுக்கு எதிரே சின்னச் சின்னப் பெட்டி கீறி, ஒவ்வொரு வீட்டிலும் சரி அடையாளம் போடுகிறவள்.

அவர்கள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு அறையிலும் பேர்ணடெட்டின் பேனா கீறும் சத்தம் கேட்டது. கடைசியில் அது நான்காவது அறைக்கு வந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் மெதுவாக. "சோதியண்ணை."

"கண்டனான். வாசல்லை செருப்பைப் பாத்தே அண்ணை உள்ளுக்கை எண்டு யோசிச்சனான்."

"பதினாலு இன்னும் போடேல்லை."

"அண்ணை கும்பிட்டுக்கொண்டு இருக்கேக்கை எப்பிடியப்பா?"

"அப்ப நிப்பம். முடியட்டும்."

சோதிலிங்கம் உதடுகளை அசைக்கத் தொடங்கினார். தெரிந்த தேவாரமெல்லாம் வரிசையாக வந்தது. முடிந்தது. மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். அவர்கள் போகவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது, மழைச் சத்தம் கேட்டது, அவர்கள் போகும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"சாம்பிராணி கடுமையா இருக்கு," என்றாள் பேர்ணடெட். "புத்தகத்திலை கேக் எண்டுதான் போட்டிருக்கு."

"அதுவும் இதுவும் ஒண்டுதான். கீறு."

பேனா கீறியது. ஒன்று இருபது இருக்கலாம். ஒன்றரைக்குச் சரத் கதவைப் பூட்டுவான், இன்னும் பத்து நிமிடம், பத்தே நிமிடம் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். வலது கால் விறைக்கத் தொடங்கியது. முதலில் பாதம், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால்வரை அது தன்னுடையதே அல்ல என்பது போல ஆனது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து, விபூதியைக் கரைத்துக்கொண்டு கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க முடியாது. தியானத்தில் இருப்பவனுக்குக் கண் எரியக் கூடாது.

"கன நேரமாப் போச்சு," என்றான் யூட்.

"ஐம்பத்து மூண்டு மணிச் செபமாலையை முழங்காலிலை நிண்டு சொல்லுற எங்களுக்கு இது என்ன பெரிய விசயமே? நில்லுங்கோ."

அப்போதுதான் சோதிலிங்கத்துக்கு உண்மையான பயம் பிடித்தது. அதுவரை இருந்தது பதற்றம். சைவக்காரராக இருந்தால் இதற்குள் ஒரு தேத்தண்ணியை நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். இவர்கள் கத்தோலிக்கர்கள். காத்திருந்து பழகியவர்கள்.

கண்களுக்குள் வரிசையாகப் படங்கள் ஓடின. வெள்ளைத் துணி போர்த்திய தன் வீடு. "இல்லை" என்று தன் கையெழுத்தில் எழுதிய படிவம், யாரோ ஒரு நீதவானின் மேசையில். மவுண்ட் வெல்லிங்டன் வீட்டுச் செங்கல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வேறு யாரிடமோ போவது. பொன்னாடையைத் திருப்பிக் கேட்டு வரும் சங்கச் செயலாளர். எல்லாவற்றுக்கும் பின்னால் சரோஜாதேவி, முதியோர் இல்லத்துச் சீருடையோடு, ஒன்றும் பேசாமல்.

"டைம் ஆச்சு," என்று சரத் கூப்பிட்டான். "ஒன்றரை. கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக்கலாமா?"

"ஒரு நிமிசம் தம்பி," என்றான் யூட்.

விடுதலை நெருங்கிவிட்டது என்ற நினைப்பில் சோதிலிங்கம் கண்ணைத் திறக்காமலே கம்பீரமாக எழுந்து, கூப்பிய கையோடு அவர்களை வெளியே வழியனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தார். எழுந்தார். வலது கால் எழவில்லை. இடது காலில் ஒரு கணம் நின்றார். வேட்டி விறைத்த காலில் சிக்கியது. விழாமலிருக்க எதையாவது பிடிக்க வேண்டியிருந்தது. கைக்கு எட்டியது வள்ளியின் பக்கத்துத் தங்கச் சட்டம்.

குத்துவிளக்கு முதலில் போனது. பிறகு சாம்பிராணித் தட்டு. பிறகு சோதிலிங்கம். முருகனை யூட் பாய்ந்து பிடித்துவிட்டான்.

சுவர் எல்லோருக்கும் முன்னால் நின்றது. மூன்றடி அகலத்தில், ஓரங்களில் கறுத்து, நடுவில் வர்ணம் கொப்பளித்து.

சரத் "முருகா," என்றான். விற்பனைக்காக அல்லாமல் அன்றைக்கு அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

யூட் படத்தைச் சுவரோரம் பக்குவமாகச் சாய்த்து வைத்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டு ஊசி வைத்த ஈரமானியை எடுத்துக் கறையின் நடுவில் குத்தினான். அது கீச்சிட்டது.

"நல்ல ஈரம்," என்றான்.

"அது நிழல்," என்றார் சோதிலிங்கம், தரையில் இருந்தபடியே.

 பேர்ணடெட் கையேட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏளனம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அதில் இருந்தது மரியாதை. இவ்வளவு சரியாக எழுதியிருக்கிறாரே என்ற மரியாதை.

"நாலு வருசம்," என்றார் அவர். குரல் மெலிந்துவிட்டிருந்தது. "நாலு வருசமா எனக்குத் தெரியும். மழை பெய்யிற ஒவ்வொரு நாளும் நான் நித்திரை கொள்ளுறேல்லை. இல்லை எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சிட்டன். இது லீக்கி வீடு, யூட். நீங்கள் வாங்காதேங்கோ."

சரத் கண்ணை மூடினான். இந்த முறை அவனுக்குத்தான் தியானம் தேவைப்பட்டது.

யூட் ஈரமானியைக் கறைக்கு ஒரு முழம் மேலே குத்தினான். சத்தமில்லை. இடப்பக்கம் குத்தினான். இல்லை. முகட்டை ஒட்டிக் குத்தினான். இல்லை. ஜன்னலைச் சுற்றி நான்கு இடம். இல்லை.

"அண்ணை, வெளியிலை இருந்து வாற தண்ணி மேலையும் நனைச்சிருக்க வேணும். இது தட்டோடைதான் தொடங்குது. அதிலை இருந்து கீழையும் போகுது, மேலையும் ஊறி ஏறியிருக்கு."

"குழாய் ஏதும்…?" என்று இழுத்தார் சோதிலிங்கம்.

"இந்தச் சுவருக்குள்ளை குழாய் இல்லை. சமையலறை அந்தப் பக்கம்." அவன் தட்டை விரலால் தடவினான். பிறகு குனிந்து அதன் பின் ஓரத்தைப் பார்த்தான். "போளை இந்தப் பக்கம்தானே ஓடினது. தட்டும் பின்னுக்குச் சரிஞ்சிருக்கு. இதிலை விழுற தண்ணி எல்லாம் சுவருக்குத்தான் போகும்." அவன் அங்குமிங்கும் பார்த்தான். விளக்கு விழுந்த தட்டில் அசையாமல் நின்றது ஒன்றுதான். "அண்ணை, நான் இதைத் தொடலாமோ?"

தொடலாம் என்பது போல சோதிலிங்கம் தலையசைத்தார்.

யூட் சப்பாத்தில்லாத கால்களை ஒன்றுசேர்த்து, பயபக்தியோடு செம்பைத் தூக்கினான். அதற்குக் கீழே தட்டில் வட்டமாகக் கறுத்திருந்தது. செம்பைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, அடியை அண்ணாந்து பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். ஒரு சொட்டுத் திரண்டது. நின்று யோசித்தது. அவனுடைய நெற்றியில் விழுந்தது.

"ஏற்றுக்கொள்ளுறார்," என்றாள் பேர்ணடெட் தன்னையறியாமல். போன தைப்பொங்கலுக்கு இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கும் அது காட்டப்பட்டிருந்தது.

அடுத்த அரை மணி நேரத்தில் நடந்தவையெல்லாம் சாதாரணமானவை. ஈரம் ஊறியது உள்பக்கப் பலகை ஒரு துண்டில் மட்டும்தான் என்று யூட் அதை வெட்டிப் பார்த்துச் சொன்னான். உள்ளே சட்டங்கள் நல்ல நிலையில் மஞ்சளாக இருந்தன. ஒன்றைக் கதவுச் சாவியால் குத்தியும் காட்டினான், சாவிதான் வளைந்தது. சோதிலிங்கம் அந்த மரத்தைக் கையால் தொட்டுக்கொண்டு சற்று நேரம் நின்றார். சரத் பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தான். தெரிந்த குறைபாடு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று சோதிலிங்கமும் யூட்டும் சரத்தும் வாதாடினார்கள். கடைசியில் "நான்காவது அறைச் சுவரில் ஈரம். காரணம்: பாத்திரம்" என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டது.

"முழு வீட்டுக்கும் பரிசோதகரின்ரை அறிக்கை எடுப்பம்," என்றாள் பேர்ணடெட். "பத்தொன்பதாம் விதி."

"எடுங்கோ," என்றார் சோதிலிங்கம். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு நான்கு வருடம் எடுத்திருந்தது. அறிக்கை புதன்கிழமை வந்தது. நாற்பத்தொரு பக்கம். கூரையின் மழைநீர்ப் பீலியில் இலை அடைத்திருக்கிறது என்பதுதான் அதில் மிகக் கடுமையான வரி. வெள்ளிக்கிழமை யூட்டும் பேர்ணடெட்டும் விலை எழுதிக் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தில் 'சுந்தரம்' என்று கையெழுத்து வைக்க முடியாது என்று சரத் முன்கூட்டியே எச்சரித்தான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, யூட்டின் கையில் செம்பு இன்னும் இருக்கும்போதே, சரோஜாதேவியும் ராகவியும் காரில் காத்திருந்து அலுத்து உள்ளே வந்திருந்தார்கள். ராகவி விழுந்த விளக்கைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தரையிலிருந்த தகப்பனைப் பார்த்தாள்.

"ஓ மை காட். டாட், இஸ் தட் தி பாட்?" என்றாள், யூட்டின் கையிலிருந்த செம்பைக் காட்டி.

சரோஜாதேவி யூட்டிடமிருந்து செம்பை வாங்கினார். அதைத் திருப்பி, அடியை ஒருமுறை பார்த்துவிட்டு, சாமித்தட்டில் அல்லாமல் ஜன்னலோரத்தில் வைத்தார்.

"என்னப்பா பார்க்கிறீர்?" என்றார் சோதிலிங்கம்.

"ஒண்டுமில்லை," என்றார் அவர். "நீங்கள் எழும்புங்கோ."

செம்பு ஒழுகுகிறது என்று சொல்வதற்குத்தான் சரோஜாதேவி நான்கு வருடமாக வாயெடுத்துக்கொண்டிருந்தார்.